வெள்ளித் தகட்டில் நயாகரா

மாந்தர் பலர் தாம் தேடிச் சென்றது ஒன்றாகவும், தமக்குக் கிட்டியது வேறொன்றாகவும் இருத்தல் கண்டு, மனம் சலித்து வீடு திரும்புவர். அங்ஙனம் திரும்புங்கால் அவர் கையில் கொணர்ந்த சிறு பொருளே பிற்காலத்தாரால் பெரிதும் போற்றப்படுதலும் உண்டு. இவ்வுண்மைக்குச் சான்றாக வாழ்ந்தவர் ஹியூ லீ பாட்டின்சன் என்னும் ஆங்கிலேய இரசாயன அறிஞர். நயாகரா நீர்வீழ்ச்சியை நிழற்படமாக எடுத்தோருள், அறியப்பட்ட அளவில், முதல்வர் இவரே. இவருடைய சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பாட்டின்சன் 1796ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25ஆம் நாள், இங்கிலாந்தின் வடபாலுள்ள கம்பர்லாந்தில், ஆல்ஸ்டன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஒரு சில்லறை வணிகர். பெற்றோர் இருவரும் குவேக்கர் எனப்படும் நண்பர் சபையைச் சார்ந்தவர்கள். இளைஞர் கற்றது சிறு பள்ளிகளிலேயாம். எனினும் விஞ்ஞான நூல்களைத் தாமே பயின்று தேர்ந்தார். 1821ஆம் ஆண்டளவில் நியூகாசில் நகரத்துச் சவர்க்காரத் தொழிற்சாலை ஒன்றில் எழுத்தராகவும் உதவியாளராகவும் அமர்ந்தார். 1825இல் தம் சொந்த ஊராகிய ஆல்ஸ்டனுக்கே உலோகங்களைச் சோதித்து மதிப்பிடும் அதிகாரியாக மீண்டார்.

ஆல்ஸ்டனைச் சூழ்ந்த மலைகள் ஈயச் சுரங்கங்கள் நிறைந்தவை. ஈயத்தோடு வெள்ளியும் சிறிது கலந்திருத்தல் இயல்பு. அதனைப் பிரித்தெடுக்க, ஈயம் முழுவதையும் உலையிலிட்டுக் காற்றூதி எரிப்பதே பண்டை வழக்கம். இதற்குச் செலவு மிகுதி. ஆதலின் வெள்ளி குறைந்த ஈயத்தை அவ்வாறு எரித்தல் கட்டுப்படியாகாது. பாட்டின்சன் ஓர் எளிய இயல்பை 1829இல் உற்றுநோக்கினார். உருகிய ஈயம் மெல்ல ஆறுங்கால் முதலில் உறைந்து படிகமாவது தூய ஈயமே. வெள்ளியோ உறையாது எஞ்சிய குழம்பில் மேன்மேலும் செறிகின்றது. ஆகவே, இரும்புக் கொப்பரைகளை வரிசையாக அமைத்து, படிகங்களைத் துளையுள்ள அகப்பையால் அரித்து ஒருபுறமும், குழம்பை மறுபுறமும் மாற்றிக்கொண்டே சென்றால், வெள்ளி மிகுந்த சிறுபகுதியை மட்டும் எரித்தாற் போதும். பொருள் வசதி இன்மையால் இம்முறையை உடனே நிறைவேற்ற அவரால் இயலவில்லை. 1831இல் பெரியதோர் ஈயத் தொழிற்சாலையின் மேலாளராகிய பின்னரே அதனைச் செம்மைப்படுத்தி, 1833இல் தனியுரிமை பெற்றார். டன் ஒன்றுக்கு இரண்டு மூன்று அவுன்ஸ் வெள்ளியே உள்ள ஈயமும் அன்றுமுதல் பயன் தருவதாயிற்று. 1834இல் நண்பர்களுடன் கூடி, நியூகாசிலை அடுத்த பெல்லிங் என்னுமிடத்தில் இரசாயனத் தொழிற்சாலை ஒன்றையும் நிறுவினார்.

இவ்வாறு செல்வமும் புகழும் எய்தியவர், சுரங்கத் தொழில் ஒன்றன் நிமித்தமாக அமெரிக்கக் கண்டத்திற்குக் கடல் கடந்து சென்றார். அம்முயற்சி பலிக்கவில்லை. ஆயின் அவருடன் சென்ற பொருள்களுள் நிழற்படப் பெட்டி ஒன்றும் இருந்தது. பாரிஸ் நகரத்து டகேர் என்பார் கண்ட படமுறை 1839ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள்தான் உலகிற்கு விளக்கி உரைக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டாகிய 1840இலேயே பாட்டின்சன் நயாகராவின் முன் அப்பெட்டியை நிறுத்தினார்.

அந்நாளில் படமெடுத்தல் இந்நாளைப்போல் எளிதன்று. வெள்ளி பூசிய செப்புத் தகட்டைக் கண்ணாடிபோல் ஒளிரும்வரை மெருகிடல் வேண்டும். இருளில் வைத்து அயோடின் ஆவி படியச் செய்தல் வேண்டும். பின்னர்ப் பெட்டியிற் செருகி, ஒளி அதன்மேல் நெடுநேரம் விழுமாறு காத்திருத்தல் வேண்டும். சூடேற்றிய பாதரசத்தின் ஆவி பட்ட பிறகே உருவம் தோன்றும். சாரல் ஓயாத கரையில், தகடு கெடாது இத்தனையும் செய்தல் எத்துணை அரிது! ஈயத்தினின்று வெள்ளியைப் பிரித்தெடுத்துப் பெயர் பெற்ற கைகளே, அவ்வெள்ளியின்மேல் பேரருவியின் சாயலைப் பதித்தன என்பது நாம் எண்ணி மகிழத்தக்கது.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். அக்காலத்துத் தகடு அசையாப் பொருளையே தெளிவாகப் பற்றும்; அருவியோ ஒரு நொடியும் நில்லாதது. ஒளி விழுந்த நிமிடங்களுள் வீழ்ந்த நீர் முழுவதும் ஒன்றன்மேலொன்றாய்ப் படிந்து, வெண்புகை போன்றதொரு திரையாகவே அமையும். திவலையும் திரையும் தோன்றா. பாறையும் கரையும் மட்டுமே உள்ளவாறு பதியும். அருவியின் உயிராகிய அசைவைக் காட்டாத படத்தை அருவியின் படம் என்னலாமோ எனின், ஓவியன் எழுதியதே அதனினும் சிறந்தது என்பார் சிலர் இருக்கலாம்.

நாம் அவ்வாறு கருதோம். வீழ்ந்த நீருக்கு ஈடாக ஈரி ஏரி புதுநீரை அனுப்பிக்கொண்டே இருக்கின்றது. 1848ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் இறுதியில், ஏரியின் வாயைப் பனிக்கட்டிகள் அடைத்தமையால் அருவி ஏறக்குறைய வற்றிப்போயிற்று. இரண்டொரு நாளில் நீர் மீண்டது. பாறையின் நிலையோ வேறு. நீரால் அரிக்கப்பட்டு இடிந்து, குதிரை லாட அருவியின் விளிம்பு அக்காலத்தில் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரு மீட்டர் பின்னிட்டு வந்தது. மின்விசைக்காக நீர் பிரிக்கப்பட்ட பின்னரே அத்தேய்வு குறைந்தது. பாட்டின்சன் கண்ட விளிம்பு இன்று இல்லை. என்றும் நிற்பதென்று எவரும் பொருட்படுத்தாத பாறையே மீளாது மறைந்தது; அதனையே அவருடைய தகடு காத்து வைத்துள்ளது.

டகேர் முறையில் எடுத்த தகடு ஒவ்வொன்றும் தனிப்பிரதியே. அதனினின்று மறுபிரதி அச்சிடல் இயலாது. ஆகவே பாரிஸ் நகரத்து லெரபூர் என்பார், இத்தகைய படங்களைப் பார்த்துச் செதுக்குவித்த சித்திரங்களைத் தொகுத்து, உலகக் காட்சிகள் அடங்கிய நூலொன்றைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அதில் பாட்டின்சன் எடுத்த குதிரை லாட அருவியும் இடம் பெற்றது. அட்லாண்டிக் கடலைக் கடவாதவரும் நயாகராவின் மெய்த்தோற்றத்தை அதனாற் கண்டனர். அவருடைய தகடுகள் இன்று நியூகாசில் பல்கலைக்கழக நூலகத்திற் பேணப்படுகின்றன. கனடா நாட்டில் எடுக்கப்பெற்று எஞ்சியுள்ள நிழற்படங்களுள் மிகப் பழையன அவையே என்பர்.

தாய்நாடு மீண்ட பாட்டின்சன் தம் தொழிலிலேயே ஊன்றி நின்று, புதிய இரசாயன முறைகள் பிறவற்றையும் கண்டார். 1852இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். முதுமையில் அவர் உள்ளம் வானநூலை நாடிற்று. ஏழங்குலத்திற்குச் சற்று மிகுந்த ஆடியையுடைய தம் சிறந்த தொலைநோக்கியை, 1856இல் டெனரீப் மலைமேல் ஆராய்ச்சி நிகழ்த்தச் சென்ற பியாசி ஸ்மித் என்னும் வானநூலறிஞருக்கு உவந்து அளித்துதவினார். உயர்ந்த மலைச் சிகரங்களினின்று விண்மீன்களை நோக்குதல் நன்றென்பது அவ்வாராய்ச்சியாற் புலனாயிற்று. 1858ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11ஆம் நாள் பாட்டின்சன் உயிர் நீத்தார்.

அவர் பெயரால் வழங்கிய ஈய முறையும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. துத்தநாகத்தைக் கொண்டு வெள்ளியைப் பிரிக்கும் பார்க்ஸ் என்பாரின் முறை அதன் இடத்தைக் கவர்ந்தது. பொருள் நாடி மேற்கொண்ட அமெரிக்கப் பயணமோ தோல்வியாய் முடிந்தது. ஊதியம் எதனையும் கருதாது, புதியதொரு கலையின்பால் கொண்ட ஆர்வம் ஒன்றே தூண்ட, அருவிக்கரையில் அவர் காத்திருந்த சில நிமிடங்களே எஞ்சி நிற்கின்றன. பாடம் ஒருபுறமிருக்க, பயனை எண்ணாமல் நாமும் பயிலும் கலை ஒன்றேனும் உண்டாயின், அதனை வீண்பொழுதென இகழாது போற்றுதல் நம்மனோர் கடனாகும்.