மகுடத்தை இழந்தார், மதுவில் மூழ்கினார்!

அவர் தலைக்கு விலை 30 ஆயிரம் பவுன்!

1746-ம் ஆண்டில் அது மலை போன்ற பணம். ஆனால் அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி இல்லாத ஏழைகள்கூட அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அவர்தான் இளவரசர் சார்லஸ் எட்வர்டு ஸ்டூவர்ட். ஸ்காட்லாந்து மக்கள் அவரை அழகு இளவரசர் சார்லி என்று செல்லமாக அழைத்தார்கள்.

பறிபோன அரியணை

ஸ்டூவர்ட் வம்சத்தார் ஸ்காட்லாந்தை ஆண்டவர்கள். 1603-ம் ஆண்டில், ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னர் ஆனார்.

அவருடைய பேரன் 2-ம் ஜேம்ஸ், கத்தோலிக்க மதத்தைச் சேர்ந்தவர். இங்கிலாந்து மக்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டு மதத்தினர். எதிர்ப்பு மூண்டது. 1688-ல் அவர் பிரான்சுக்குத் தப்பி ஓடினார்.

கத்தோலிக்கர் யாரும் அரியணை ஏறக்கூடாது என்று சட்டம் வந்தது. முதலாம் ஜேம்சின் மகள் வயிற்றுப் பேத்தி சோபியா, ஜெர்மனியில் இருந்தார். அவர் புராட்டஸ்டண்டு. அவருடைய மகன் ஜார்ஜ் 1714-ல் மன்னர் ஆனார்.

மகன் வழி வாரிசு வெளியே நின்றது. மகள் வழி வாரிசு அரண்மனைக்குள் வந்தது!

அப்படி வெளியே நின்ற 2-ம் ஜேம்சின் பேரன்தான் சார்லி. 1720 டிசம்பர் 31-ந் தேதி ரோம் நகரில் பிறந்தார். பாட்டன் இழந்த நாட்டை மீட்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்துடன் வளர்ந்தார்.

7 பேர் துணை

1745 ஜூலையில், 7 துணைவர்களுடன் ஸ்காட்லாந்தில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 24.

படை எங்கே என்று மலைநாட்டுத் தலைவர்கள் கேட்டார்கள். படை இல்லை! ஆனாலும் அவர் பேச்சில் மயங்கிப் பலர் வாளை எடுத்தார்கள். எடின்பரோ நகரம் அவர் வசம் ஆயிற்று. பிரெஸ்டன்பான்ஸ் என்ற இடத்தில் அரசாங்கப் படை சிதறி ஓடியது.

டிசம்பரில் இங்கிலாந்தின் டெர்பி நகரை அடைந்தார். லண்டனுக்கு இன்னும் சுமார் 125 மைல்தான். ஆனால் எதிர்பார்த்த பிரெஞ்சுப் படை வரவில்லை. திரும்பிவிடலாம் என்று தளபதிகள் கூறினார்கள். சார்லி எவ்வளவோ மன்றாடியும் பயன் இல்லை.

1746 ஏப்ரல் 16-ந் தேதி கலோடனில் இறுதிப் போர் நடந்தது. பசியாலும் தூக்கமின்மையாலும் சோர்ந்திருந்த மலைநாட்டார், பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. சார்லியின் ஆட்கள் சுமார் 1,500 பேர் மாண்டார்கள். பிறகு அவர்களுடைய ஊர்கள் கொளுத்தப்பட்டன. மலைநாட்டு உடை அணியவும் தடை வந்தது.

பெண் வேடம்

5 மாதம் சார்லி குகைகளிலும் புதர்களிலும் ஒளிந்து திரிந்தார். புளோரா மக்டொனால்டு என்ற இளம்பெண், அவருக்குப் பணிப்பெண் வேடம் போட்டு, படகில் ஸ்கை தீவுக்கு அழைத்துச் சென்றார். அந்தக் குற்றத்துக்காக அவர் சிறைப்பட்டு, மறு ஆண்டு விடுதலை ஆனார்.

இங்கேதான் ஒரு மதுவின் கதை வருகிறது. விஸ்கியில் தேனும் மூலிகையும் கலந்த ஒரு பானம் உண்டு. அதன் பெயர் டிராம்பூயி. தன்னைக் காப்பாற்றிய மக்கின்னன் குலத்தாருக்கு, நன்றிக் கடனாக அதன் செய்முறையைச் சார்லி சொல்லிக் கொடுத்தார் என்பது கதை. அதற்குச் சான்று இல்லை என்கிறார்கள் வரலாற்று ஆசிரியர்கள். ஆனால் அந்த மது அவர் பெயரைச் சொல்லியே விலைபோயிற்று.

பாட்டிலின் பிடியில்

1746 செப்டம்பரில் சார்லி பிரான்சுக்குக் கப்பல் ஏறினார். பிறகு ஸ்காட்லாந்தைக் காணவே இல்லை.

தோல்வியை மறக்கக் குடித்தார். குடி அவரையே குடித்தது. அவருடன் வாழ்ந்த கிளமெண்டினா, 1760-ல் சிறு மகளைத் தூக்கிக் கொண்டு ஓடினாள். 1772-ல் லூயிசா என்ற இளம்பெண்ணை மணந்தார். அவளும் 1780-ல் அடி தாங்காமல் கன்னிமாடத்தில் தஞ்சம் புகுந்தாள்.

கடைசியில் கைகொடுத்தது யார்? பல ஆண்டுகள் அவர் திரும்பிப் பாராத மகள் சார்லட்! அவளே வந்து உடனிருந்து பணிவிடை செய்தாள். 1788 ஜனவரி 31-ந் தேதி ரோமில் சார்லியின் உயிர் பிரிந்தது. அவருடைய தம்பி ஹென்றி பாதிரியார், மணமாகாதவர். 1807-ல் அவரும் மறைந்தார். 2-ம் ஜேம்சின் ஆண் வழி அத்துடன் முடிந்தது.

தந்தை இறந்தபின் சார்லி தன்னை 3-ம் சார்லஸ் என்று அழைத்துக் கொண்டார். போப்பாண்டவர்கூட அதை ஏற்கவில்லை. 2022-ம் ஆண்டில் அதே பெயருடன் ஒருவர் பிரிட்டிஷ் அரியணை ஏறினார். அவர் சோபியாவின் வழியில் வந்தவர்!

30 ஆயிரம் பவுன் ஆசை காட்டியும் சார்லியை ஏழைகள் விற்கவில்லை. ஆனால், அவர்கள் காப்பாற்றிக் கொடுத்த உயிரை அவரே மதுவுக்கு விற்றுவிட்டார்.