ஜான் கோல்டிங்காம்

ஜான் கோல்டிங்காம் (1767 – 1849) கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய வானியலாளர் ஆவார். சென்னை நேரத்தை வரையறுத்ததற்காகவும் ஒலியின் வேகத்தை அளந்ததற்காகவும் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

எழும்பூரில் வில்லியம் பெட்ரி அமைத்த தனியார் வானாய்வகத்தில் உதவியாளராகப் பணியைத் தொடங்கினார். கம்பெனியின் வானாய்வகம் 1792 இல் நுங்கம்பாக்கத்தில் நிறுவப்பட்டது. மைக்கேல் டாப்பிங் 1796 இல் இறந்தபின் அதன் பொறுப்பை ஏற்றார். பிற்காலத்தில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்த நில அளவைப் பள்ளியையும் கவனித்து வந்தார். இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் கட்டடத்தை வடிவமைத்தவரும் இவரே. 1830 இல் ஓய்வு பெற்றார்.

சென்னை நேரம்

அக்காலத்தில் ஒவ்வோர் ஊரும் தன் சூரிய நேரத்தையே பின்பற்றியது. செஞ்சியில் உச்சிப்பொழுது சென்னையைவிட ஏறத்தாழ 3 நிமிடம் பிந்தி வரும். 1802 இல் கோல்டிங்காம் சென்னை நேரத்தைக் கிரீன்விச் நேரத்திற்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியதாக வரையறுத்தார். பின்னாளில் இந்திய இரயில்வேயும் இதைப் பின்பற்றியது. 1906 இல் இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது.

ஒலியின் வேகம்

1820-21 ஆம் ஆண்டுகளில் புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் நாள்தோறும் சுடப்பட்ட பீரங்கிகளை இவர் ஆய்வுக்குப் பயன்படுத்தினார். வெடியின் ஒளி தெரிவதற்கும் ஓசை கேட்பதற்கும் இடைப்பட்ட நேரம் வானாய்வகத்திலிருந்து குரோனோமீட்டர்களால் அளக்கப்பட்டது. பரங்கிமலை ஏறத்தாழ 9 கி.மீ. தொலைவில் இருந்ததால் ஓசை வந்துசேர 26 நொடிகள் ஆயின. வெப்பமான மாதங்களில் ஒலி விரைவாகச் செல்வதை இவ்வாய்வு காட்டியது. முடிவுகள் 1823 இல் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளியாயின.

சில குரோனோகிராஃப் கைக்கடிகாரங்களின் முகப்பில் காணப்படும் டெலிமீட்டர் அளவுகோல் இதன் மறுதலை ஆகும். மின்னலைக் கண்டதும் பொத்தானை அழுத்தி, இடியோசை கேட்டதும் நிறுத்தினால் தொலைவு தெரியும். ஒலியின் வேகம் மாறாதது எனக் கொண்டே அவ்வளவுகோல் குறிக்கப்படுகிறது. ஆதலால், கோல்டிங்காம் கண்டவாறு வெப்பநிலை மாறும்போது அது காட்டும் தொலைவும் சற்றே பிழையாகும்.