மணலில் தமிழ் எழுதிய சீகன்பால்கு

நாம் வாழும் டென்மார்க் நாட்டிற்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பு, நம்மவர் இங்கு புகலிடம் தேடி வந்த காலத்தில் தொடங்கியதன்று. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உரிமை பெற்று டேனியர் தரங்கம்பாடியில் குடியேறினர். அவ்வூரில் 1706 சூலை 9ஆம் நாள், மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய சமயப் பணியாளராக வந்திறங்கியவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. 1682இல் செருமனியின் புல்ஸ்நிட்ஸ் நகரிற் பிறந்தவர்.

அவருக்குத் தமிழ் கற்பிக்க அன்று நூல் ஏதும் கிட்டவில்லை. ஆகவே திண்ணைப் பள்ளிச் சிறுவருடன் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார். முதிய ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. பொருளை விளக்கியவர், போர்த்துக்கீசம் முதலிய மொழிகள் அறிந்த அழகப்பன் என்பவர்.

எழுத்து எளிது, வினைச்சொல்லே கடினம். வருகிறேன், வருகிறாய், வருகிறான் என்று ஈறு மாறுவது இலத்தீன் கற்றவருக்குப் புதிதன்று. டேனிஷில் மட்டுமே பழகிய நம் சிறாருக்கு அது புதிது. யாய் கொம்மர், டு கொம்மர், ஹான் கொம்மர் என, எவர் வந்தாலும் இங்கு வினை மாறுவதில்லை அல்லவா? வாக்கிய அமைப்போ இன்னும் வேறு. வந்து, உண்டு, உறங்கினான் என்னும்போது முதல் இரண்டும் எச்சமாய் நிற்க, இறுதியில் ஒரே ஒரு முற்று வருகிறது. நேற்று வந்த பையன் என்பதில் பெயரெச்சம் முன்னே நிற்கிறது. டேனிஷிலோ பையனை முதலிற் சொல்லி, சொம் என்னும் இணைப்பை இட்டு, பின்னரே அவன் வந்ததைச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் தமிழ் வாக்கியத்தைத் தலைகீழாக அமைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பெற்றோர் சினங்கொள்ள வேண்டா. திருத்தி மீண்டும் சொல்லச் செய்தாற் போதும்.

டேனிய ஆளுநருடன் ஏற்பட்ட பிணக்கினால், 1708இன் இறுதியிலிருந்து நான்கு மாதம் சீகன்பால்கு சிறையிருந்தார். ஆயினும் தமிழை விடவில்லை. ஓலைச்சுவடிகளைத் திரட்டிப் பட்டியலிட்டார். கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் செருமன் மொழியில் தந்தார். சமயம் பரப்பவே அவர் வந்தார் என்பது உண்மை. எனினும் நம் முன்னோரின் நூல்களை மதித்துக் கற்றார் என்பதையும் நாம் மறுப்பதற்கில்லை.

1714இல் ஐரோப்பா புறப்பட்டபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரும் உடன் சென்றார். 1716இல் ஹாலே நகரில், இலத்தீனில் எழுதிய அவரது தமிழ் இலக்கணம் அச்சேறியது. அவ்வாண்டே தரங்கம்பாடிக்குத் திரும்பினார். 1719 பெப்ரவரி 23ஆம் நாள், முப்பத்தாறாம் வயதில் மறைந்தார். முந்திய ஆண்டு திறக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்திலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.