சத்தியத்தை நம்பி மடிந்த சந்தா சாகிப்

திருச்சியில் நத்தர்வலி தர்கா என்று ஒரு பழமையான தர்கா இருக்கிறது. எல்லா மதத்தாரும் அங்கே சென்று வணங்குகிறார்கள். அந்தத் தர்காவில் ஒரு சமாதி உண்டு. அதில் துயில்பவர் ஒரு காலத்தில் திருச்சி நகருக்கே அதிபதியாக இருந்தவர். ஆற்காட்டு நவாப் பட்டத்தையும் சூடியவர். அவர்தான் சந்தா சாகிப்.

ஒரு ராணிக்குக் கொடுத்த சத்தியத்தை மீறி அவர் திருச்சியைப் பிடித்தார். பதினாறு ஆண்டுகள் கழிந்தன. இன்னொருவர் கொடுத்த சத்தியத்தை நம்பி, அதே திருச்சி எல்லையில் உயிரை விட்டார். அவருடைய கதையைக் கேட்டால், நம் நாடு அந்நியர் கைக்கு எப்படிப் போயிற்று என்பதும் விளங்கும்.

ராணி மீனாட்சி

சந்தா சாகிப்பின் இயற்பெயர் உசேன் தோஸ்த் கான். ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியின் மருமகன் அவர். வீரமும் சுறுசுறுப்பும் உள்ளவர்.

அப்போது திருச்சியைத் தலைநகராகக் கொண்டு மதுரை நாயக்கர்கள் ஆண்டுவந்தார்கள். ராணி மங்கம்மாளின் பேரன் விஜயரங்க சொக்கநாதர் 1732-ம் ஆண்டு காலமானார். அவருக்குப் பிள்ளை இல்லை. அவருடைய மனைவி மீனாட்சி அரசுப் பொறுப்பை ஏற்றார். பங்காரு திருமலை என்ற உறவினர் அதை எதிர்த்தார். வீட்டுச் சண்டை நாட்டுச் சண்டை ஆயிற்று.

அந்தச் சண்டையில் தலையிட வந்தவர் சந்தா சாகிப். ராணியின் பக்கம் நிற்பதாக அவர் சத்தியம் செய்து கொடுத்தார். திருக்குர்ஆன் மேல் சத்தியம் செய்வதாகச் சொல்லி, பட்டுத் துணியில் சுற்றிய ஒரு செங்கல்லின் மேல் கை வைத்தார் என்று ஊரார் கதை சொல்வார்கள். கதை எப்படியானாலும், வாக்குத் தவறியது உண்மை. 1736-ம் ஆண்டில் திருச்சிக் கோட்டை அவர் கைக்கு வந்தது. நம்பி மோசம் போன ராணி மீனாட்சி நஞ்சு அருந்தி உயிர் துறந்தார். இருநூறு ஆண்டுகள் நிலைத்த நாயக்கர் ஆட்சி அதோடு முடிந்தது.

மராட்டியர் படையெடுப்பு

சந்தா சாகிப்பின் வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை. 1740-ம் ஆண்டு ரகோஜி போன்ஸ்லே தலைமையில் மராட்டியப் படை தெற்கே வந்தது. தாமல்செருவுக் கணவாயில் நடந்த போரில் மாமனார் தோஸ்த் அலி கொல்லப்பட்டார்.

அடுத்து மராட்டியர் திருச்சிக்கு வந்தார்கள். முதலில் திரும்பிப் போவதுபோல் பாசாங்கு செய்தார்கள். ஆபத்து நீங்கியது என்று நினைத்த சந்தா சாகிப், கோட்டையில் சேர்த்து வைத்திருந்த தானியத்தை விற்றுவிட்டார். உடனே மராட்டியர் திரும்பி வந்து கோட்டையை வளைத்துக்கொண்டார்கள். உள்ளே உணவு இல்லை. மதுரையிலிருந்து உதவிக்கு வந்த சகோதரர் படா சாகிப்பும் வழியில் கொல்லப்பட்டார். 1741-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் கோட்டை விழுந்தது. சந்தா சாகிப் கைதியாகி, சதாராவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

அவருடைய மனைவியும் மகனும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். அவர்களை ஒப்படைக்கும்படி ரகோஜி மிரட்டினார். அடைக்கலம் என்று வந்தவர்களைக் காட்டிக்கொடுக்க முடியாது என்று கவர்னர் துய்மா மறுத்துவிட்டார். வாக்குத் தவறுவோர் நிறைந்த இந்தக் கதையில், வாக்கைக் காத்த ஒருவர் அவர்.

மீண்டும் நல்ல காலம்

ஏழு ஆண்டுகள் சிறையில் கழிந்தன. 1748-ம் ஆண்டு சந்தா சாகிப் விடுதலை பெற்றார். அப்போது புதுச்சேரியில் கவர்னராக இருந்தவர் துய்ப்ளே. தமக்கு வேண்டியவரை ஆற்காட்டில் நவாபாக்கி, நாட்டையே ஆட்டிவைக்கலாம் என்பது அவருடைய திட்டம்.

1749-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி ஆம்பூரில் பெரும் போர் நடந்தது. அப்போதைய நவாப் அன்வருத்தீன் மாண்டார். சந்தா சாகிப் நவாப் ஆனார். அன்வருத்தீனின் மகன் முகமது அலி தப்பியோடித் திருச்சிக் கோட்டைக்குள் புகுந்துகொண்டார்.

உடனே துரத்திச் சென்றிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் சந்தா சாகிப் தஞ்சாவூருக்குப் பணம் வசூலிக்கப் போனார். காலம் வீணாயிற்று. முகமது அலி ஆங்கிலேயக் கும்பினியாரைத் துணைக்கு அழைத்தார். நவாப் பதவிக்கு இருவர் சண்டையிட, அந்த இருவருக்கும் பின்னால் இரண்டு அந்நியக் கும்பினிகள் நின்றன.

1751-ம் ஆண்டு சந்தா சாகிப் பிரெஞ்சுப் படையுடன் வந்து திருச்சியை முற்றுகையிட்டார். கோட்டை விழும் நிலையில் இருந்தது. அப்போது ராபர்ட் கிளைவ் என்ற ஆங்கிலேய வாலிபன் ஒரு யோசனை சொன்னான். திருச்சியைக் காப்பாற்ற ஆற்காட்டைத் தாக்க வேண்டும் என்றான். 200 வெள்ளையர், 300 சிப்பாய்களுடன் போய் ஆற்காட்டைப் பிடித்தான். அதை மீட்கத் தம் மகன் ராஜா சாகிப்பைப் படையுடன் சந்தா சாகிப் அனுப்பினார். ஐம்பது நாள் முற்றுகையிட்டும் ஆற்காடு மீளவில்லை.

ஸ்ரீரங்கத்தில் சிக்கினார்

அதன் பிறகு காற்று திசை மாறியது. மைசூர், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் படைகளும், முராரி ராவின் மராட்டியப் படையும் முகமது அலி பக்கம் சேர்ந்தன. 1752-ம் ஆண்டு பிரெஞ்சுத் தளபதி லா பயந்துபோய், படையுடன் காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கினார். பிரெஞ்சுக்காரர் திருவானைக்காவல் கோயிலிலும், சந்தா சாகிப்பின் வீரர்கள் ஸ்ரீரங்கம் கோயிலிலும் தங்கினார்கள்.

தெற்கே காவிரி. வடக்கே கொள்ளிடம். கொள்ளிடத்துக்கு அப்பால் சமயபுரத்தைக் கிளைவ் பிடித்துக்கொண்டான். புதுச்சேரி வழி அடைபட்டது. உதவிக்கு வந்த பிரெஞ்சுப் படையும் வாலிகண்டபுரத்தில் சரணடைந்தது. உணவு குறைந்தது. சம்பளம் இல்லை. வீரர்கள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து போனார்கள்.

ஸ்ரீரங்கம் கோயிலில் விஜயரங்க சொக்கநாதரின் உருவச் சிலை இருக்கிறது. யாருடைய ராணியை ஏமாற்றினாரோ, அந்த அரசர் வணங்கிய கோயிலின் மதிலுக்குள்ளேயே சந்தா சாகிப் அகப்பட்டுக் கிடந்தார்!

இன்னொரு சத்தியம்

தப்புவதற்கு ஒரே வழி இருந்தது. தஞ்சாவூர்த் தளபதி மானோஜிக்குத் தூது போயிற்று. காரைக்காலுக்குப் பத்திரமாக அனுப்பிவைத்தால் பணம் தருவதாகப் பேச்சு. மானோஜி தன் வாளின் மேல் ஆணையிட்டார். பல்லக்கும் காவலும் தயார் என்றார். அதை நம்பி, நோயுற்றிருந்த சந்தா சாகிப் இரவில் எதிரியின் முகாமுக்குப் போனார். போனவுடன் அவருக்கு விலங்கு பூட்டப்பட்டது.

கைதியைத் தம்மிடம் தர வேண்டும் என்று முகமது அலி கேட்டார். மைசூரார் கேட்டார்கள். முராரி ராவும் கேட்டார். ஆங்கிலத் தளபதி லாரன்சும் கேட்டார். யாருக்குக் கொடுத்தாலும் மற்றவர் பகை. மானோஜி ஒரு கொடிய முடிவு செய்தார். 1752-ம் ஆண்டு ஜூன் மாதத்தில், எழுந்து நிற்கவும் முடியாமல் கிடந்த அந்த மனிதரின் தலை வெட்டப்பட்டது. அந்தத் தலையை ஓர் ஒட்டகத்தின் கழுத்தில் கட்டித் திருச்சிக் கோட்டையைச் சுற்றிவரச் செய்தார்கள்.

தளபதி லாவும் சரணடைந்தார். சந்தா சாகிப்பின் படையில் இருந்த ஆயிரம் ராஜபுத்திரர் மட்டும் ஸ்ரீரங்கம் கோயிலை விட்டு வெளியேற மறுத்தார்கள். மூன்றாம் மதிலைத் தாண்டி எவனாவது வந்தால் வெட்டிப்போடுவோம் என்றார்கள். ஆங்கிலேயர் அதைக் கேட்டு வியந்து, கோயிலுக்குக் குறைவு வராது என்று உறுதி அளித்தார்கள்.

யாருக்கு லாபம்?

வென்ற முகமது அலியும் வாக்கைக் காக்கவில்லை. உதவிக்காகத் திருச்சியைத் தருவதாக மைசூராருக்கு ரகசியமாகச் சொல்லியிருந்தார். வென்றபின் தர மறுத்தார். மறுபடியும் போர் மூண்டது. காவிரிக் கரை மக்கள் மேலும் இரண்டு ஆண்டுகள் அவதிப்பட்டார்கள்.

முகமது அலி நவாபாக நெடுங்காலம் வாழ்ந்தார். ஆனால் கும்பினியாருக்கும் அவர்களுடைய ஆட்களுக்கும் கடன்பட்டே வாழ்ந்தார். 1795-ம் ஆண்டு அவர் இறந்தார். ஆறே ஆண்டுகளில், 1801-ல், கர்நாடக நாட்டின் ஆட்சி முழுவதையும் கும்பினியார் எடுத்துக்கொண்டார்கள். நவாப் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது.

சந்தா சாகிப் கோழை அல்ல. அவருடைய வீரத்தையும் தாராள மனத்தையும் ஆங்கிலச் சரித்திர ஆசிரியர் ஓர்ம் கூடப் புகழ்ந்திருக்கிறார். ஆயினும் நம்பியவரை ஏமாற்றி வந்த செல்வம் அவரிடம் தங்கவில்லை. அவரை ஏமாற்றியவர்களுக்கும் அது நிலைக்கவில்லை. அண்ணன் தம்பி சண்டையில் அடுத்த வீட்டுக்காரன் வயலை உழுதுகொண்ட கதையாக முடிந்தது.

முகமது அலியின் உடலும் திருச்சி மண்ணில்தான் அடக்கமாகி இருக்கிறது. ஊருக்காகச் சண்டையிட்ட இருவரும் அந்த ஊரிலேயே உறங்குகிறார்கள். ஊர் இருவருக்கும் சொந்தமாகவில்லை. ஆளுக்கு ஆறடி மண் மட்டுமே சொந்தமாயிற்று.