அடங்காத் தமிழர் செ. சுந்தரலிங்கம் (1895 – 1985)

மாணவர்களே,

டொனமூர் அரசியல் யாப்பு, சோல்பரி அரசியல் யாப்பு, பிரசாவுரிமைச் சட்டங்கள், அரச கரும மொழிச் சட்டம் ஆகியவற்றை நீங்கள் தனித்தனி அலகுகளாகக் கற்றிருப்பீர்கள். இவை அனைத்தோடும் தொடர்புபட்ட ஒருவரின் வாழ்க்கையைக் கற்றால் அந்த அலகுகள் ஒன்றோடொன்று இணைவதை நீங்கள் காண்பீர்கள். அத்தகைய ஒருவரே வவுனியாத் தொகுதியின் முதலாவது பாராளுமன்ற உறுப்பினரான செல்லப்பா சுந்தரலிங்கம் ஆவார். பாராளுமன்றத்தில் ஆசனத்தைப் பெறுவது எவ்வளவு முக்கியமோ, அதனை எதற்காக இழக்கத் துணிவது என்பதும் அவ்வளவு முக்கியமானது. இதனை மனத்திற் கொண்டு இப்பாடத்தை வாசியுங்கள்.

1. தொகுதியை அறிந்துகொள்வோம்

வன்னிப் பெருநிலப்பரப்பு பழைய காலத்தில் அடங்காப்பற்று எனவும் அழைக்கப்பட்டது. அரசாங்க சபைக் காலத்தில் இப்பகுதி மன்னார் – முல்லைத்தீவு என்ற பெயரில் ஒரே தொகுதியாக இருந்தது. சோல்பரி யாப்பின்படி 75,000 மக்களுக்கு ஓர் ஆசனம் என்பதோடு, ஒவ்வொரு 1,000 சதுர மைல் பரப்புக்கும் மேலதிகமாக ஓர் ஆசனம் என்ற விதியும் பின்பற்றப்பட்டது. சனத்தொகை குறைந்து, நிலப்பரப்பு கூடிய மாகாணங்களுக்கு இவ்விதி நன்மையளித்தது. வட மாகாணத்துக்கு 9 ஆசனங்கள் கிடைத்தன. அவற்றுள் மன்னாரும் வவுனியாவும் தனித்தனித் தொகுதிகளாகின.

அன்றைய வவுனியா மாவட்டத்தில் இன்றைய முல்லைத்தீவும் அடங்கியிருந்தது என்பதைக் கவனத்திற் கொள்க. முல்லைத்தீவு 1977 தேர்தலிலேயே தனித் தொகுதியாயிற்று. கிளிநொச்சித் தொகுதி 1960 மார்ச் தேர்தலில் முதன்முறையாக உறுப்பினரைத் தெரிவு செய்தது.

2. இளமையும் கல்வியும்

சுந்தரலிங்கம் 1895 இல் பிறந்தார். அவரது குடும்பம் யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்தது. சகோதரர்களுள் ஒருவரான நாகலிங்கம் உயர் நீதிமன்ற நீதியரசராக விளங்கியவர். 1954 இல் மகாதேசாதிபதியின் பதிற் கடமையையும் ஆற்றியவர்.

சுந்தரலிங்கம் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் பாலியோல் கல்லூரியில் கணிதம் பயின்றார். பாரிஸ்டர் பட்டமும் பெற்றார். நாடு திரும்பியபின் கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில் உப அதிபராகவும், இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராகவும் பணியாற்றினார். பௌத்த கல்லூரியொன்றில் பணியாற்றிய இவருக்குச் சிங்களத் தலைவர்கள் பலருடன் நெருங்கிய நட்பு இருந்தது. அடுத்து வரும் நிகழ்வை விளங்கிக்கொள்ள இது உதவும்.

3. 1936 ஆம் ஆண்டு மந்திரி சபை

டொனமூர் யாப்பின் கீழ் அரசாங்க சபை உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தனர் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒவ்வொரு குழுவும் தெரிவு செய்த தலைவரே மந்திரியானார். 1931 இல் இந்திய வம்சாவளித் தமிழரான பெரி சுந்தரமும், முஸ்லிம் தலைவரான மாக்கான் மாக்காரும் மந்திரிகளாயினர். 1936 இலோ ஏழு மந்திரிகளும் சிங்களவராகவே அமைந்தனர்.

இது எவ்வாறு நிகழ்ந்தது? தெரிவு செய்யப்பட்ட 50 பேரும் நியமன உறுப்பினர் 8 பேரும் ஏழு குழுக்களில் அமரும்போது ஒரு குழுவில் ஏறக்குறைய எட்டுப் பேரே இருப்பர். அவர்களுள் ஐவரின் ஆதரவு இருந்தால் தலைவர் பதவியைப் பெறலாம். ஆகவே உறுப்பினர்களை எந்தெந்தக் குழுவில் எத்தனை பேராக அமர்த்துவது என்பதை முன்கூட்டியே கணக்கிட்டால் ஏழு பதவிகளையும் ஒரு தரப்பே பெற்றுவிடலாம். இக்கணக்கை வகுத்துக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் சுந்தரலிங்கமே எனப் பரவலாகக் குறிப்பிடப்படுகின்றது. ஒருமித்த மந்திரி சபை அமைந்தால் பிரித்தானியரிடம் கூடுதலான அரசியற் சீர்திருத்தங்களைக் கேட்டுப் பெறலாம் என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயமாகும்.

எண்ணிக்கையில் கூடியோர் ஒன்றுபட்டால் குறைந்தோருக்கு எதுவுமே கிடைக்காது என்பதை இந்நிகழ்வு காட்டியது. பிற்காலத்தில் சுந்தரலிங்கம் எதிர்த்துப் போராட வேண்டியிருந்ததும் இதே கணக்கைத்தான்.

4. தேர்தல் வெற்றியும் அமைச்சர் பதவியும்

1947 பொதுத் தேர்தலில் சுந்தரலிங்கம் வவுனியாவில் சுயேச்சை வேட்பாளராகப் போட்டியிட்டு வெற்றி பெற்றார். 95 தெரிவு ஆசனங்களுள் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 42 மட்டுமே கிடைத்தமையால், டி.எஸ். சேனாநாயக்க அரசமைப்பதற்கு ஏனையோரின் ஆதரவை நாடினார். சுயேச்சையாக வென்ற சுந்தரலிங்கம் வர்த்தக வாணிப அமைச்சரானார். மன்னார்த் தொகுதியில் சுயேச்சையாக வென்ற சி. சிற்றம்பலமும் அமைச்சரானார்.

5. பதவி துறந்தமை

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. இச்சட்டம் நிறைவேறியபோது சுந்தரலிங்கம் அமைச்சராகவே இருந்தார். இதை மறவாதீர்கள்.

அதே ஆண்டு டிசெம்பரில் இந்திய – பாகிஸ்தானிய வதிவாளர் (பிரசாவுரிமை) மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. 1946 ஜனவரி 1 இற்கு முன்னர் மணமானவர் 7 ஆண்டுகளும், மணமாகாதவர் 10 ஆண்டுகளும் தொடர்ச்சியாக இலங்கையில் வாழ்ந்ததை நிரூபித்தால் மட்டுமே பிரசாவுரிமை பெறலாம் என்பது அதன் நிபந்தனை. லயன் அறைகளில் பிறந்து, எழுத்தறிவோ ஆவணங்களோ இல்லாதிருந்த தொழிலாளருக்கு இது எவ்வளவு கடினம் என்பதைச் சிந்தியுங்கள்.

இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்பின்போது சுந்தரலிங்கம் சபையை விட்டு வெளியேறினார். அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பு என்ற விதியின்படி, அரசின் மசோதாவை ஆதரிக்காத அமைச்சர் பதவியில் நீடிக்க முடியாது. எனவே அவர் 1948 டிசெம்பர் 10 இல் பதவி விலக நேர்ந்தது. மசோதா 1949 இல் சட்டமாயிற்று. தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, பிரசைகள் அல்லாதோர் வாக்குரிமையை இழந்தனர். 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஓர் ஆசனமேனும் கிடைக்கவில்லை.

அவர் யாருக்காகப் பதவியை இழந்தார் என்பது கவனிக்கத்தக்கது. மலையக மக்கள் அவருடைய வாக்காளர் அல்லர். பிற்காலத்தில் வன்செயல்களாலும் வறுமையாலும் இடம்பெயர்ந்த மலையகக் குடும்பங்கள் பல வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறின. அவர்களின் பிள்ளைகளும் இன்று உங்களோடு ஒரே வகுப்பில் கற்கின்றனர்.

6. இருமுறை இழந்து இருமுறை வென்ற ஆசனம்

சோல்பரி யாப்பின்படி, சபையின் அனுமதியின்றித் தொடர்ந்து மூன்று மாதங்கள் அமர்வுகளுக்குச் சமுகமளிக்காத உறுப்பினர் தமது ஆசனத்தை இழப்பார். சுந்தரலிங்கம் இவ்விதியையே எதிர்ப்பின் கருவியாக மாற்றினார்.

முதல் முறை: சிங்கக் கொடியைத் தேசியக் கொடியாக ஏற்றுக்கொண்டதை எதிர்த்து 1951 இல் பாராளுமன்றத்தைப் பகிஷ்கரித்தார். ஆசனம் வெற்றிடமாயிற்று. அடுத்து நடந்த இடைத்தேர்தலில் வவுனியா மக்கள் அவரையே மீண்டும் தெரிவு செய்தனர். 1952 பொதுத் தேர்தலிலும் அவர் வென்றார்.

இரண்டாம் முறை: சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கும் முயற்சிகள் வலுப்பெற்ற 1955 இல் மீண்டும் பகிஷ்கரித்து ஆசனத்தை இழந்தார். இம்முறையும் இடைத்தேர்தலில் அவரே வென்றார். 1956 பொதுத் தேர்தலிலும் வெற்றி அவருக்கே கிடைத்தது.

இடைத்தேர்தல் என்பது வெற்றிடத்தை நிரப்பும் ஒழுங்கு மட்டுமே என நீங்கள் எண்ணலாம். இங்கு அது ஒரு தொகுதி மக்களின் கருத்தறியும் வாக்கெடுப்பாகப் பயன்பட்டது. எனினும் அதன் எல்லையையும் காணுங்கள். கொடி மாறவில்லை. 1956 இன் 33 ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டமும் 66 க்கு 29 என்ற வாக்குகளால் நிறைவேறியது. ஒரு தொகுதியின் உறுதியால் சபையின் எண்ணிக்கையை வெல்ல முடியவில்லை.

7. தனிநாட்டுக் கோரிக்கையும் தேர்தல் தோல்வியும்

1949 டிசெம்பரில் செல்வநாயகம் முதலியோர் நிறுவிய இலங்கைத் தமிழரசுக் கட்சி சமஷ்டி ஆட்சியைக் கோரியது. சுந்தரலிங்கம் அக்கட்சியிற் சேரவில்லை. 1958 வன்செயலின் பின்னர், 1959 இல் ஈழத் தமிழ் ஒற்றுமை முன்னணி என்ற அமைப்பை நிறுவித் தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என வெளிப்படையாகக் கோரினார். வட்டுக்கோட்டைத் தீர்மானம் 1976 இல் நிறைவேறியது என்பதை நோக்கினால், அவர் அக்கோரிக்கையை 17 ஆண்டுகள் முன்னதாகவே எழுப்பினார் என்பது புலப்படும்.

ஆனால் 1960 மார்ச் தேர்தலில் வவுனியாத் தொகுதி தா. சிவசிதம்பரத்தைத் தெரிவு செய்தது. அதே தேர்தலில் சமஷ்டி கோரிய தமிழரசுக் கட்சி 15 ஆசனங்களைப் பெற்றது. இதன்பின் சுந்தரலிங்கம் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகவில்லை. 1970 இல் காங்கேசன்துறையில் செல்வநாயகத்தை எதிர்த்துப் போட்டியிட்டும் தோல்வியுற்றார்.

8. மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசம்

1968 இல் ஒடுக்கப்பட்ட சாதியினர் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் சென்று வழிபடும் உரிமையைக் கேட்டுப் போராடினர். அவர்களைத் தடுத்தோருக்குத் தலைமை தாங்கியவர் சுந்தரலிங்கமே. 1957 இன் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்கும் தொடரப்பட்டது.

மலையக மக்களின் உரிமை மறுக்கப்பட்டபோது அமைச்சர் பதவியை இழக்கத் துணிந்தவர், தம் ஊரவரின் வழிபாட்டுரிமையை ஏன் மறுத்தார்? விடை எழுதும்போது இப்பகுதியை விட்டுவிடாதீர்கள். ஒருவரின் பெருமையை மட்டும் எழுதினால் அது வாழ்த்துரையாகும், வரலாறாகாது.

9. மதிப்பீடு

சுந்தரலிங்கம் 1985 இல் தமது 89 ஆவது வயதில் காலமானார். அடங்காத் தமிழர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. அவரது அரசியல் வாழ்வை மதிப்பிடும்போது பின்வருவனவற்றை ஒப்பிட்டு எழுதுக.

சிறப்புகள்: கொள்கைக்காகப் பதவியையும் ஆசனத்தையும் துறக்கும் துணிவு; தம் செயலை மீண்டும் மக்களின் தீர்ப்புக்கு விட்ட பண்பு.

குறைபாடுகள்: பலமான கட்சியொன்றைக் கட்டியெழுப்பாது தனித்தே இயங்கியமை, 1936 இல் சிறுபான்மையினரைப் புறந்தள்ளிய ஏற்பாட்டுக்கு உதவியமை, சமூக சமத்துவத்தை எதிர்த்தமை.

நினைவில் கொள்ள வேண்டிய ஆண்டுகள்

1895 – பிறப்பு
1947 – வவுனியாவில் வெற்றி, அமைச்சரானமை
1948 – அமைச்சர் பதவியிலிருந்து விலகியமை
1951, 1955 – பகிஷ்கரிப்பும் ஆசன இழப்பும்
1952, 1956 – பொதுத் தேர்தல் வெற்றிகள்
1959 – ஈழத் தமிழ் ஒற்றுமை முன்னணி
1960 – வவுனியாவில் தோல்வி
1968 – மாவிட்டபுரம்
1985 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. சோல்பரி யாப்பின் ஆசனப் பங்கீட்டு விதி வன்னிப் பகுதிக்கு எவ்வாறு நன்மையளித்தது?
2. அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பு என்பதை 1948 டிசெம்பர் நிகழ்வைக் கொண்டு விளக்குக.
3. இடைத்தேர்தலை ஓர் எதிர்ப்புக் கருவியாகப் பயன்படுத்துவதன் பலத்தையும் எல்லையையும் உதாரணங்களுடன் எழுதுக.
4. உரிமைக்காகக் குரல் கொடுப்பவர் பிறரின் உரிமையையும் ஏற்க வேண்டும். சுந்தரலிங்கத்தின் வாழ்வை ஆதாரமாகக் கொண்டு உமது கருத்தை எழுதுக.