மாஸ்கோ போகாத ஆறுமுகம்

ரிங்லெட் தோட்டத் திடலில் நாங்கள் போட்டு விளையாடியதெல்லாம் மென்செஸ்டர் யுனைடெட் ஜெர்சிதான். கோல் காவலனான எனக்கு இங்கிலாந்துக் காவலர்கள் எல்லாரும் மனப்பாடம். நம் ஆர். ஆறுமுகத்தையோ 'ஓலா போலா' படம் பார்த்த பிறகுதான் தேடிப் படித்தேன். வெட்கமாக இருந்தது.

1953இல் பிறந்தவர். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் காத்தவர். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' ஆனார். 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வீழ்த்தி, மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற அணியின் காவலர் அவர்தான். ஆனால் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 35.

போன விடுமுறையில், திடலில் கோல் காத்த தம்பியிடம் இதைச் சொன்னேன். மாஸ்கோ போகாததற்கு என்னைவிட அவனுக்குத்தான் கோபம்.