துன்பத்திலும் துதித்த தூயவர் அருளானந்தர்

உப்பளம் விளைந்து, வலை நிறைந்து, பிள்ளைகள் நோயின்றி வாழும் காலத்தில் இறைவனுக்கு நன்றி கூறுதல் எளிது. அப்போது துதி தானாகவே நாவில் எழும். அடியும் விலங்குமே கிடைத்த இடத்தில் ஒருவர் இறைவனைப் புகழ்வாராயின், அதனை வெறும் உணர்ச்சிப் பெருக்கு என்று கூறிவிட இயலாது. அஃது அறிவோடும் துணிவோடும் எடுத்த முடிவேயாகும். அத்தகைய முடிவில் இறுதிவரை நிலைத்து நின்ற சான்றோர் ஒருவர் நமது இராமநாதபுரம் சீமையிலேயே உயிர் துறந்தார். நமது வாலிநோக்கம் மாவட்டத்தின் தென்கடற்கரையில் உள்ளது. அவர் மடிந்த ஓரியூரோ அதே மாவட்டத்தின் வடபகுதியில், திருவாடானை வட்டத்தில், பாம்பாற்றின் கரையில் உள்ளது. அவரே புனித அருளானந்தர் ஆவார்.

ஜான் டி பிரிட்டோ என்னும் இயற்பெயர் கொண்ட இவர், 1647ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாளன்று போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் மாநகரில் உயர்குடியில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். அரண்மனையில் இளவரசருடன் வளரும் பேறு பெற்றார். ஒருமுறை கடும் நோயுற்றபோது, மகன் பிழைத்தால் புனித சவேரியாருக்கு நேர்த்தி செலுத்துவதாகத் தாயார் வேண்டிக்கொண்டார். பிழைத்தெழுந்த மகன், அந்தச் சவேரியார் நடந்த மண்ணையே நாடினார். 1662இல் இயேசு சபையில் சேர்ந்த அவர், 1673இல் குருப்பட்டம் பெற்றுக் கோவாவுக்குக் கப்பலேறினார். அதன்பின் மதுரை மறைத்தளத்துக்கு வந்தார்.

அந்நாளில் மதுரைப் பகுதியில் பணிபுரிந்த குருக்களுள் ஒரு சாரார், தத்துவ போதகர் எனப்பட்ட ராபர்ட் தெ நொபிலியின் வழியில் பிராமண சந்நியாசிகளாக வாழ்ந்தனர். அவர்கள் தாழ்த்தப்பட்ட மக்களுடன் வெளிப்படையாகப் பழகுவதற்கு அக்காலச் சாதி வழக்கம் இடங்கொடுக்கவில்லை. இதனால் 1640 முதல் பண்டார சுவாமிகள் என்னும் மற்றொரு பிரிவு தோன்றியது. தாழ்த்தப்பட்டோரிடமும் செல்லத்தக்க இப்பண்டார வாழ்வையே அருளானந்தர் மேற்கொண்டார். காவியுடுத்தார், புலால் நீக்கினார், கால்நடையாகவே ஊர் ஊராகச் சென்றார். இம்முறை சாதிப் பிரிவினையை ஒழித்துவிட்டது என்று எழுதுவது உண்மைக்கு மாறாகும். எனினும், யாரும் எட்டிப் பார்க்காத குடிசைகளை நோக்கி, அரண்மனையில் வளர்ந்த ஒருவர் நடந்து வந்தார் என்பது வரலாறு.

1686இல் அவர் மறவர் சீமைக்குள் நுழைந்து, சில திங்களிலேயே பலருக்குத் திருமுழுக்கு அளித்தார். அவ்வாண்டு சூலைத் திங்களில் அவரும் அவருடைய உபதேசியார்களும் பிடிபட்டனர். நம்பிக்கையைக் கைவிடுமாறு வற்புறுத்தி அவர்களை அடித்தனர், நீரில் மீண்டும் மீண்டும் அமிழ்த்தினர், விலங்கிட்டனர், வெயிலில் காய்ந்த கரடுமுரடான பாறையின்மீது கிடத்தி மிதித்தனர். அவர்கள் அசையவில்லை. முடிவில் கிழவன் சேதுபதி அவரை இராமநாதபுரத்துக்கு வரவழைத்து விசாரித்து, இனி இச்சீமையில் போதிக்கலாகாது என்னும் தடையுடன் விடுவித்தார்.

மறைத்தளத்தின் பணிக்காக 1687இல் அவர் லிஸ்பன் சென்றார். உடன் வளர்ந்த இளவரசர் அப்போது அரசராக வீற்றிருந்தார். அவரைத் தம் மகனுக்கு ஆசானாக அங்கேயே இருத்திக்கொள்ள அரசர் விரும்பினார். பெற்ற தாயும் அந்நகரில் இருந்தார். பட்ட துன்பம் போதும் என்று அவர் அங்கேயே தங்கியிருந்தால் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவரோ அரண்மனை விருந்தை விலக்கித் தமிழ்நாட்டுத் துறவியின் உணவையே உண்டார். 1690இல் மீண்டும் கோவா வந்து சேர்ந்தார். பாறையின் வெம்மையைத் தம் முதுகில் அறிந்த ஒருவர், அதே மண்ணுக்கு மனமாரத் திரும்பினார் என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறவர் சீமையின் குறுநிலத் தலைவர்களுள் ஒருவரான தடியத் தேவர், நோய் நீங்கப் பெற்று அவரிடம் திருமுழுக்குப் பெற்றார். ஒரு மனைவியை மட்டும் ஏற்று, ஏனையோரைச் சகோதரிகளாகப் பேணுவதாகக் கூறினார். அவ்வாறு விலக்கப்பட்டவருள் ஒருவர் சேதுபதியின் உறவினரான கடலை என்பவர். அப்பெண்மணியின் மனவேதனையையும் நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. அவர் முறையிட, 1693ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் அருளானந்தர் பிடிக்கப்பட்டார். இராமநாதபுரத்தில் சிறை வைக்கப்பட்டுப் பின்னர் ஓரியூருக்கு அனுப்பப்பட்டார்.

பிப்ரவரி 3ஆம் நாள், கரியை நீரில் குழைத்து மையாக்கித் தம் சபையாருக்கு அவர் ஒரு மடல் எழுதினார். அதில் புலம்பல் இல்லை; பகைவர்மீது வசை இல்லை. அறத்தைப் போதித்ததே தம்மீதான குற்றம் என்பதால் அத்துன்பத்தைப் பெருமையாகக் கொள்வதாகவும், மறுநாளை மகிழ்வோடு எதிர்நோக்குவதாகவும் அம்மடல் தெரிவிக்கிறது. மறுநாள் பாம்பாற்றங்கரையில் அவர் முழந்தாளிட்டு இறைவனை வழிபட்டார். தம்மை வெட்ட வந்தவரைத் தழுவிக்கொண்டார். பின்னர்த் தலை கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 45.

செய்தி லிஸ்பனை எட்டியதும் அரசர் நன்றி வழிபாடு நடத்த ஆணையிட்டார். அதற்கு வந்த தாயார் துக்க உடை அணியவில்லை. விழா உடை அணிந்து வந்தார். அத்தாயின் நெஞ்சில் துயரம் இல்லை என்று யார் கூற முடியும்? துயரம் இருக்கவே, அதனையும் கடந்து அவர் துதியைத் தேர்ந்தெடுத்தார். திருச்சபை அருளானந்தரை 1947 சூன் 22ஆம் நாள் புனிதர் வரிசையில் சேர்த்தது. நமது நாடு விடுதலை பெறுவதற்கு இரண்டு திங்களுக்கும் குறைவான காலமே அப்போது எஞ்சியிருந்தது. ஓரியூரின் செம்மண்ணைத் தேடி இன்றும் மக்கள் செல்கின்றனர்.

இங்கு ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். வருவதைப் பொறுத்துக்கொள், எல்லாம் விதி என்று நம் முன்னோருக்குத் தலைமுறை தலைமுறையாகப் போதிக்கப்பட்டது. அருளானந்தரின் துதி அத்தகைய அடங்கிப்போதல் அன்று. அவர் இறைவனைப் புகழ்ந்தார், விலங்கைப் புகழவில்லை. தடையாணை இருந்தும் திரும்பி வந்தவர் அவர். மேலும், அவர் துன்பத்தைத் தாமே விரும்பி ஏற்றார். நம்மவர்மீதோ அது சுமத்தப்பட்டது. ஆதலால் பசித்திருப்பவனைப் பார்த்து, நீ துதி பாடு என்று வயிறு நிறைந்தவன் கட்டளையிடுதல் தகாது. அந்த முடிவைச் செய்யும் உரிமை துன்புறுபவனுக்கே உண்டு.

அவ்வுரிமையை எவராலும் பறிக்க இயலாது என்பதே ஓரியூர் நமக்கு உணர்த்தும் பாடமாகும். எச்சமயத்தைச் சார்ந்தவராயினும், நம் பிள்ளைகள் நெஞ்சில் இதனைப் பதித்துக்கொள்ள வேண்டும். தேர்வில் தோல்வி வரலாம். வேலை கிட்டாமல் போகலாம். சாதியின் பெயரால் இழிசொல்லும் கேட்க நேரலாம். அநீதியைச் சட்டத்தின் துணைகொண்டு எதிர்த்து நிற்போம். அதே வேளையில் நம் உள்ளத்தின் நன்றியையும் நம்பிக்கையையும் பிறர் கையில் ஒப்படைக்காது காப்போம். கல்வி தரும் தலைநிமிர்வும் அதுவே. அருளானந்தர் வாழ்ந்து காட்டிய வழியும் அதுவே.